ஸ்பிட்டிக்கு பைக்கில்: எந்தப் பக்கம் ஏறுவது, எதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது

இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்று முடிவு பண்ணியதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எந்த வண்டி வாங்கட்டும்?" என்பதுதான். அதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவின் ஊர்க்காரர்கள் நூறு, நூற்றைம்பது சிசி வண்டிகளில் பின்னால் ஒரு ஆளையும் ஒரு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில்தான் சந்தைக்குப் போய் வருகிறார்கள். வெளியூரிலிருந்து மூன்று லட்சம், நான்கு லட்சம் வண்டியில் வந்தவர் ஓடைக்கு நடுவில் கவிழ்ந்து கிடந்தால், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: வரக்கூடாத நேரத்தில் வந்திருப்பார், இல்லை, கட்டக்கூடாத அளவுக்குச் சாமான் கட்டியிருப்பார். நேரம், எடை. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டால் மீதியைக் கற்றுக்கொள்ளலாம்.

எந்தப் பக்கம் ஏறுவது

ஸ்பிட்டிக்கு இரண்டு வாசல். ஒன்று சிம்லா பக்கம்: நார்கண்டா, ராம்பூர், கல்பா, நாகோ, தாபோ, காசா. இன்னொன்று மணாலி பக்கம்: அடல் சுரங்கம் தாண்டி கிராம்ஃபூ, சத்ரு, பாதல், குன்சும் கணவாய், லோசர், அப்புறம் காசா. மேப்பில் மணாலியிலிருந்து காசா சுமார் 200 கி.மீ. தான் காட்டும். ஒரே நாளில் போய்விடலாம், லீவு மிச்சம் என்று தோன்றும். அப்படிப் போனவர்கள்தான் காசாவில் அறை எடுத்துத் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள், மிச்சம் பிடித்த லீவெல்லாம் அங்கேயே போய்விடும்.

கணக்கு எளிது. மணாலி சுமார் 2,000 மீட்டர். அங்கே காலையில் கிளம்பினால் அன்று மதியமே 4,500 மீட்டரைத் தாண்டிய குன்சும் கணவாயில் நிற்பீர்கள், ராத்திரி தூங்குவது 3,600-க்கு மேலே. நம் ஊரில் வண்டியில் ஏறக்கூடிய பெரிய உயரம் என்று நாம் நினைக்கும் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். 4,500 மீட்டரில் காற்றழுத்தம் சென்னைக் கடற்கரையில் இருப்பதில் 60 சதவீதம்கூடக் கிடையாது. நீங்கள் தினமும் ஜிம் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர் என்றெல்லாம் உயரத்துக்குத் தெரியாது. நல்ல உடற்கட்டு உள்ளவர்கள்தான் தலைவலியைப் பொருட்படுத்தாமல் மேலே மேலே ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

3,000 மீட்டர் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரே இடத்தில் தங்குவதும் மலையேறுகிறவர்கள் பின்பற்றும் பொது விதி. சிம்லா பக்கம் போனால் இது பாதி தானாகவே அமைந்துவிடும். சிம்லா 2,200 சொச்சம், கல்பா 2,900 சொச்சம், தாபோ 3,280, அப்புறம் காசா. நடுவில் வரும் நாகோ மட்டும் 3,600-ஐத் தொடும். அதனால் கல்பாவிலிருந்து கிளம்பினால் நாகோவில் ஏரியைப் பார்த்து ஒரு டீ குடித்துவிட்டு, தாபோவுக்கு இறங்கித் தூங்குங்கள். தாபோ மடம் கி.பி. 996-இல் கட்டப்பட்டது, மண் சுவருக்குள் இருக்கும் ஓவியங்களை நின்று பார்க்க ஒரு சாயங்காலம் வேண்டும், எப்படியும் அங்கே தங்க வேண்டியதுதான்.

லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் வராமல் புரள்வது எல்லாம் முதல் இரண்டு ராத்திரிகளில் சகஜம். தண்ணீர் குடியுங்கள், சரக்கைத் தொடாதீர்கள், மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால், அப்போது யோசிக்கவே வேண்டாம். ராத்திரியாக இருந்தாலும் ஒரு ஜீப்பைப் பிடித்துக் கீழே இறங்கிவிட வேண்டும், வண்டியை அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம். உயரக் கோளாறுக்கான டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ஆக, சிம்லாவில் ஏறி மணாலியில் இறங்குங்கள். குன்சும் கணவாய் வரும்போது உடம்பு பழகியிருக்கும், கைகாலும் சரளைக்குப் பழகியிருக்கும்.

எப்போது

குன்சும் கணவாய் பொதுவாக மே கடைசியிலோ ஜூனிலோ திறக்கும், அக்டோபர் வாக்கில் பனி விழுந்து மூடிக்கொள்ளும். ஜூனில் போனால் ரோட்டோரம் பனிச்சுவர் பார்க்கலாம், ஆனால் அந்தப் பனியெல்லாம் உருகி ஓடைகளில்தான் வந்து சேரும். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிட்டி மழை மறைவுப் பகுதி என்பதால் அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அங்கே போய்ச் சேர, சிம்லா பக்கத்தில் கின்னௌர் மாவட்டம் வழியாகப் போக வேண்டிய ரோட்டில் மலை சரிந்து ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டிவரும். என்னைக் கேட்டால் செப்டம்பர்தான். ஓடையில் தண்ணீர் குறைந்திருக்கும், வானம் துடைத்துவிட்டிருக்கும், கின்னௌர் முழுக்க ஆப்பிள் பறித்துக்கொண்டிருப்பார்கள், கூட்டமும் குறைவு. காலையில் விரல் விறைக்கும், அது ஒன்றுதான் தொல்லை.

வண்டியை அங்கே கொண்டுபோவது

சென்னையிலிருந்து டெல்லி நாக்பூர், ஜான்சி, ஆக்ரா வழியாக சுமார் 2,200 கி.மீ. நான்கு நாளில் ஓட்டிப் போகிறவர்கள் உண்டு. ஒருமுறை நாட்டைக் குறுக்கே பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் போங்கள், தப்பில்லை. ஆனால் மே, ஜூனில் விதர்பா வெயிலில் நான்கு வழிச்சாலையில் வெந்து, போய்ச் சேரும்போதே களைத்து, புது டயரில் பாதியைத் தார் ரோட்டிலேயே தேய்த்துவிட்டு மலையேறுவதில் எனக்குப் பெரிய அர்த்தம் தெரியவில்லை. ரயிலில் போடுங்கள்.

ரயிலில் இரண்டு வழி. நீங்கள் டிக்கெட் வைத்திருக்கும் அதே ரயிலில் உங்கள் லக்கேஜாகப் போடுவது ஒன்று, தனியாகப் பார்சலாக அனுப்புவது இன்னொன்று. லக்கேஜுக்குக் கட்டணம் கூடுதல். பார்சல் என்றால் எந்த வண்டியில் ஏற்றுவார்கள் என்பது அவர்கள் கையில், நீங்கள் டெல்லியில் இரண்டு நாள் காத்திருக்க நேரலாம். ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது, முழுக்க வடித்துவிட வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஸ்டேஷன் வாசலிலேயே சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டிக் கொடுக்க ஆட்கள் இருப்பார்கள்; ஹெட்லைட், டேங்க், கிளட்ச் லீவர் மூன்றும் நன்றாக மூடியிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். டெல்லியில் இறங்கியதும் பக்கத்துப் பங்க் வரை தள்ளத்தான் வேண்டும்.

வண்டியும் சாமானும்

சரி, வண்டி. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் எடை 200 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 160 கிலோ. இந்த 40 கிலோ வித்தியாசம் நெடுஞ்சாலையில் தெரியாது. காற்று மெலிந்த இடத்தில் கவிழ்ந்த வண்டியை இரண்டாவது முறை தூக்கும்போது தெரியும். அதே சமயம் மலையடிவாரம் வரை நாலு வழிச்சாலையில் நூறில் போக எக்ஸ்பல்ஸ் திணறும், ஹிமாலயன் சாதாரணமாகப் போகும். ஹிமாலயன் சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளில் செய்து இமயமலைப் பெயர் வைத்த வண்டி, நம்மூர் ஆட்களுக்கு உதிரி பாகம் கிடைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் வண்டி ஒழுங்காக ஓடுகிறது, தரையிலிருந்து கொஞ்சம் உயரமாக இருக்கிறது, இரண்டு காலும் ஊன்ற முடிகிறது என்றால் அதிலேயே போங்கள். மிச்சக் காசில் நல்ல பூட்ஸ் வாங்குங்கள், கணுக்காலுக்கு மேல் வரை வருவதாக.

அலுமினியப் பெட்டிகள் படத்தில் அழகாக இருக்கும். எனக்குப் பிடிக்காது. காலியாகவே பத்துப் பதினைந்து கிலோ வந்துவிடும், அகலம் கூடும், சரளையில் கால் ஊன்றும்போது பெட்டி கெண்டைக்காலில் வந்து இடிக்கும், விழுந்தால் காலுக்கு மேல் விழும். துணி சாடில் பேக் போதும். கனமான சாமானை, அதாவது ஸ்பானர், ட்யூப், பம்ப் எல்லாவற்றையும் பையின் அடியில், முடிந்தவரை முன்னால் தள்ளி வையுங்கள். துணி, தூக்கப் பை மேலே. கேரியருக்குப் பின்னால் கோபுரம் கட்டினால் முன்சக்கரம் லேசாகி, ஏற்றத்தில் ஹேண்டில் சொன்ன பேச்சு கேட்காது.

எல்லாவற்றையும் கட்டிமுடித்துவிட்டு, அவிழ்த்துத் தரையில் பரப்பி, மூன்றில் ஒரு பங்கை எடுத்து வீட்டில் வையுங்கள். கேம்ப் அடுப்பு, மடக்கு நாற்காலி, டென்ட்: ஸ்பிட்டியில் ராத்திரி தங்க ஊருக்கு ஊர் ஹோம்ஸ்டே இருக்கிறது, ராஜ்மா சோறும் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும் கிடைக்கும். இரண்டு பேண்ட், ஒரு தெர்மல், ஒரு நல்ல மழைக்கோட்டு, மூன்று ஜோடி சாக்ஸ். சாக்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

வண்டிக்காக எடுத்துப் போக வேண்டியவற்றில் முதலிடம் கிளட்ச் கேபிளுக்கு. புதுக் கேபிளைப் பைக்குள் வைக்காமல், பழைய கேபிள் போகும் அதே பாதையில் பக்கத்திலேயே ஓட்டி டேப் போட்டுக் கட்டிவிடுங்கள், இரண்டு முனையும் மட்டும் மாட்டாமல் விட்டுவிடுங்கள், தண்ணீர் போகாதபடி முனைகளில் பிளாஸ்டிக் சுற்றுங்கள். வழியில் அறுந்தால் டேங்கைக் கழற்ற வேண்டாம், பழையதை இங்கே கழற்றி இதை மாட்டினால் ஐந்து நிமிஷம். அப்புறம் கிளட்ச் லீவர் ஒன்று, பிரேக் லீவர் ஒன்று. லீவரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் நட்டை இரும்புப்பிடியாக முறுக்காமல் கொஞ்சம் தளர்வாக வைத்தால், விழும்போது லீவர் ஒடியாமல் சுழன்று கொடுக்கும். ட்யூப் டயர் என்றால் முன் சக்கர ட்யூப், பின் சக்கர ட்யூப் இரண்டும். இடமில்லை என்றால் முன்சக்கரத்து 21 அங்குல ட்யூப் ஒன்று, அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்திலும் மடித்துப் போட்டு ஊர் போய்ச் சேரலாம். டயர் லீவர், ஒட்டு, கைப் பம்ப். எம்-சீல் ஒரு பாக்கெட், கல் பட்டு எஞ்சின் கேஸில் விரிசல் விட்டு ஆயில் கசிந்தால் அதுதான் தெய்வம். கேபிள் டை ஒரு கைப்பிடி. இவற்றை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, கிளம்புவதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே ஒருமுறை பின்சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை வெளியே எடுத்து, திரும்பப் போட்டுப் பாருங்கள். அச்சு நட்டுக்குப் பொருந்துகிற ஸ்பானர் உங்களிடம் இல்லை என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவரும்.

ஊரிலேயே பழகிக்கொள்ள வேண்டியது

கோடையில் வற்றிய ஏரி கிடைத்தால் அதைவிட நல்ல மைதானம் கிடையாது. காட்டுப் பகுதிக்குள் போகாதீர்கள், வனத்துறை அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே வண்டி ஓட்டுவதே தப்பு. ஏரியிலும் ஆடுமாடு மேய்க்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓட்டுங்கள். காசு செலவழிக்கத் தயார் என்றால் கோலார் பக்கத்தில் சி.எஸ். சந்தோஷ் நடத்தும் பிக்ராக் டர்ட் பார்க் இருக்கிறது. 2015-இல் டக்கார் ராலியை ஓடி முடித்த முதல் இந்திய பைக் ஓட்டுநர் அவர். முறையாக ஒரு வார இறுதி கற்றுக்கொண்டால் பல வருஷத்துக் கெட்ட பழக்கம் போகும்.

பழக வேண்டியது முதலில் எழுந்து நிற்பது. ஃபுட்பெக்கில் எழுந்து நின்றால் உங்கள் எடை சீட்டிலிருந்து ஃபுட்பெக்குக்கு, அதாவது கீழே இறங்கிவிடும். வண்டி உங்களுக்கு அடியில் ஆடிக்கொள்ளும், நீங்கள் ஆட மாட்டீர்கள். பாதத்தின் முன்பகுதி ஃபுட்பெக்கில், முழங்கால் கொஞ்சம் மடங்கி, இரண்டு தொடையும் டேங்கைக் கவ்வியபடி, முழங்கை வெளியே விரிந்து. கையில் பிடி தளர்வாக இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் உள்ளங்கை வலித்தால் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், எடை காலுக்குப் போகவில்லை. நின்றால் முதுகு கூன் விழுகிறது என்றால் ஹேண்டிலுக்கு ஒரு ரைசர் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

அப்படி நின்றபடி முதல் கியரில், ஒரு விரலோ இரண்டு விரலோ கிளட்சில் வைத்து, நடக்கிற வேகத்தில் எட்டு போடுங்கள். பெரியதாகத் தொடங்கிச் சின்னதாக்குங்கள். இது வந்துவிட்டால் கொண்டை ஊசி வளைவில் லாரி எதிரே வந்தாலும் பதறாது. அப்புறம் பின்பிரேக்கை வேண்டுமென்றே அழுத்திச் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கவிட்டுப் பாருங்கள் (பின் ஏ.பி.எஸ்.-ஐ அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிட்டு). சறுக்கல் என்ன உணர்வு தருகிறது என்று உடம்புக்குத் தெரிந்திருந்தால், நிஜமாகச் சறுக்கும்போது பயத்தில் முன்பிரேக்கைப் பிடித்துத் தொலைக்க மாட்டீர்கள்.

சரளையில்

காற்றைக் குறையுங்கள். தார் ரோட்டுக்கு அடைக்கும் 25, 32 பி.எஸ்.ஐ. சரளைக்கு அதிகம், டயர் கல் மேல் துள்ளும். முன்னால் 20, பின்னால் 24 வாக்கில் வைத்தால் டயர் படிந்து போகும். ட்யூப் டயரில் இதற்கும் கீழே போகாதீர்கள், கூர்மையான கல்லில் ரிம் இடித்து ட்யூபைக் கடித்து இரண்டு ஓட்டை போட்டுவிடும். பாதல், சத்ரு பக்கத்துப் பெரிய கற்களில் இன்னும் இரண்டு மூன்று கூட்டியே வைக்கலாம்.

பார்வை எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். இது நெடுஞ்சாலையிலும் உண்மைதான், ஆனால் காப் என்ற ஊரைத் தாண்டி நாகோவுக்கு ஏறும் கொண்டை ஊசிகளில் ஒரு பக்கம் தடுப்பே இல்லாமல் ஸ்பிட்டி ஆறு கீழே நூல் மாதிரி தெரியும்போது இதன் அர்த்தமே வேறு. ஆற்றைப் பார்க்க ஆசையா, வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுப் பாருங்கள். அதிலும் கல் விழும் இடம் என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் நிற்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள். மதியத்துக்கு மேல் காற்று கிளம்பினால் மேலே தளர்ந்து கிடக்கும் கற்கள் தானாக உருள ஆரம்பிக்கும்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொட வேண்டாம். இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாவது கியர், கிளட்சை விட்டுவிடுங்கள், எஞ்சினே பிடித்துக்கொள்ளும். கிளட்சை அழுத்திக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பொடிமண்ணோ மணலோ வந்தால் முன்சக்கரம் அப்படியும் இப்படியும் அலையும், அலையட்டும். எடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஆக்சிலேட்டரைக் குறைக்காமல் சீராகக் கொடுங்கள். குறைத்தால்தான் முன்சக்கரம் புதையும்.

நாலா

ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும் ஓடைக்கு அங்கே நாலா என்று பெயர். நாகோ பக்கத்தில் மல்லிங் நாலா நிலச்சரிவுக்குப் பேர்போனது. பாதலுக்கும் கிராம்ஃபூவுக்கும் நடுவே, சோட்டா தாரா பக்கம் வருகிறவைதான் நனைப்பவை. எல்லை ரோடு அமைப்பு அந்தப் பாதையை அகலப்படுத்திக்கொண்டிருக்கிறது, அதனால் போன வருஷம் போனவர் சொன்ன நிலவரம் இந்த வருஷத்துக்குச் செல்லாது. எதிரே வரும் டிரைவரைக் கை காட்டி நிறுத்தி "ஆகே நாலா மே பானி கித்னா ஹை?" (முன்னால் ஓடையில் தண்ணீர் எவ்வளவு?) என்று கேளுங்கள், அந்த ஒரு இந்தி வாக்கியம் போதும். முழங்காலைத் தொட்டுக் காட்டுவார், இல்லை இடுப்பைத் தொட்டுக் காட்டுவார்.

இந்த ஓடைகள் மேலே பனிப்பாறை உருகி வருபவை. ராத்திரிக் குளிரில் உருகல் நின்றுபோகும், அதனால் விடியற்காலையில் தண்ணீர் மிகக் குறைவு. வெயில் ஏற ஏற உருகி, அது கீழே வந்து சேர மதியம் ஆகிவிடும். காலை எட்டு மணிக்குக் கணுக்கால் நனைந்த இடத்தில் மாலை மூன்று மணிக்கு ஜீப்பே தயங்கி நிற்கும். ஆகவே நாலா இருக்கிற நாளில் வெளிச்சம் வந்ததும் கிளம்புவது, மதியத்துக்குள் எல்லாவற்றையும் தாண்டிவிடுவது. "டிபன் சாப்பிட்டுட்டுப் போலாம்" என்ற ஒரு மணி நேரம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஓடைக்கு முன்னால் வந்ததும் நேரே இறங்காதீர்கள். நிறுத்துங்கள். அடி தெரியவில்லை என்றால் நடந்து பார்க்க வேண்டும்; அதற்காகத்தான் மணாலி, சிம்லா கடைகளில் கிடைக்கும் மலிவான கம்பூட்ஸ் ஒரு ஜோடி கட்டிக்கொண்டு போகச் சொல்வேன். ஒரு தடியை ஊன்றிக்கொண்டு நடந்து, காலுக்கடியில் கல் உருளுகிறதா, ஊன்றி நிற்கிறதா என்று பாருங்கள். சலசலத்து நுரைக்கும் இடம் ஆழம் குறைவு, அடியில் கல். வழுவழுவென்று கறுத்து ஓடும் இடம் ஆழம். ரோட்டின் பள்ளத்தாக்குப் பக்க ஓரத்தைத் தண்ணீர் அரித்துக் குழி பறித்திருக்கும், அந்தப் பக்கம் போக வேண்டாம், மலைப்பக்கமாகவே பாதை பாருங்கள். நடக்கும்போதே உங்களைத் தள்ளுகிற வேகம் தண்ணீருக்கு இருந்தால் வண்டியில் போகாதீர்கள், ஜீப்போ லாரியோ வரும்வரை உட்காருங்கள்.

கோடையில் மணாலிக்கும் காசாவுக்கும் நடுவே அரசு பஸ் ஓடுகிறது. அது வந்தால் வழிவிட்டு நின்று, எந்த இடத்தில் சக்கரம் இறங்குகிறது, எவ்வளவு ஆழம் மூழ்குகிறது, எங்கே ஏறுகிறது என்று கவனியுங்கள். அந்த டிரைவருக்குத் தெரியாத கல் அங்கே கிடையாது.

இறங்கும்போது முதல் கியர். எதிர்க்கரையில் ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு அதையே பாருங்கள்; தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும், வண்டி ஓட்டத்தோடு சாயும். ஆக்சிலேட்டர் சீராக, நடையைவிடக் கொஞ்சம் வேகமாக. பாய்ந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதெல்லாம் வீடியோவுக்கு. அப்படிப் போனால் முன்னால் எழும் தண்ணீர் நேரே ஏர் ஃபில்டருக்குள் போகும். கல் மேல் ஏறி முன்சக்கரம் திரும்பினால் திரும்பவிடுங்கள், ஆக்சிலேட்டரை விடாதீர்கள், நேராகிவிடும். எழுந்து நின்று ஓட்டத் தைரியம் வரவில்லையா, உட்கார்ந்து இரண்டு காலையும் தொட்டுத் தொட்டுப் போங்கள், யாரும் மார்க் போடப் போவதில்லை. இன்னொருவர் கைகொடுத்தால் அவர் தண்ணீர் வரும் பக்கம் நின்று பிடிக்க வேண்டும். போகும் பக்கம் நின்றால் வண்டி அவர் மேல்தான் சாயும்.

நடுவில் விழுந்து வண்டி மூழ்கிவிட்டதா, முதல் வேலை எஞ்சினை அணைப்பது. ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீரை உறிஞ்சும், தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கரைக்கு இழுத்து வாருங்கள். செல்ஃபை அழுத்திப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து தண்ணீரை வடித்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்தால் சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீர் பீச்சிக்கொண்டு வெளியே வரும். பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள். ஆயில் பார்க்கும் கண்ணாடியில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், ஆயில் மாற்றாமல் அந்த வண்டி நகரக் கூடாது, பிக்கப் வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

தாண்டிய பிறகு கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே போய்க் காயவையுங்கள். சாக்ஸ் மாற்றுங்கள். புது சாக்ஸுக்கு மேல் பாலித்தீன் பை மாட்டிக்கொண்டு ஈரமான பூட்ஸுக்குள் காலை விடலாம்.

விழுந்த வண்டியைத் தூக்குவது

விழுவீர்கள். விழுந்ததும் எல்லோரும் அவமானத்தில் அவசர அவசரமாக முதுகை வளைத்து இழுத்துத் தூக்குவார்கள், 4,000 மீட்டரில் அதற்குப் பிறகு பத்து நிமிஷம் மூச்சு வராது. எஞ்சினை அணைத்து, கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலிலேயே சைடு ஸ்டாண்டைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும். மேலே கட்டிய பையை அவிழ்த்துவிடுங்கள். ஒரு நிமிஷம் நின்று மூச்சு விடுங்கள். அப்புறம் சீட்டுக்கு முதுகு காட்டி, இடுப்பைச் சீட்டில் முட்டுக்கொடுத்துக் குந்துங்கள். தரையில் கிடக்கும் பக்கத்து ஹேண்டில் பிடியை ஒரு கையால், கேரியரையோ சேஸியையோ இன்னொரு கையால் பிடித்து, முதுகு நேராக, தொடை பலத்தில், பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடி வைத்துத் தள்ளிக்கொண்டே எழுங்கள்.

காசாவும் அதற்கு மேலும்

ரெக்காங் பியோவுக்குக் கீழே பொவாரியில் பெட்ரோல் நிரப்பினால் அடுத்த நம்பகமான பங்க் காசாதான், நடுவே சுமார் 200 கி.மீ. காசாவில் நிரப்பினால் மணாலி வரை எதையும் நம்பாதீர்கள். நிரம்பிய டேங்க் இந்தத் தூரத்துக்குத் தாங்கும், ஆனால் முதல் கியரில் உருட்டும் இடங்களில் மைலேஜ் விழும், பக்கத்து ஊர்களைச் சுற்றிய பிறகு டேங்கைப் பார்க்காமல் கிளம்பிவிடாதீர்கள். காசு ரொக்கமாக வையுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் க்யூஆர் அட்டை வெறும் அட்டை. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கிலும் ஜம்மு காஷ்மீரிலும்தான் வேலை செய்யாது, இமாச்சலில் பிரச்சினை இல்லை. ஆனால் லோசர் தாண்டினால் எந்த சிம்மும் தூங்கிவிடும் என்று வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள்.

காசாவில் குறைந்தது இரண்டு ராத்திரி. பகலில் லாங்சா, கோமிக், ஹிக்கிம், கிப்பர், சிச்சம் பாலம் என்று 4,000-க்கு மேல் ஏறிச் சுற்றிவிட்டு இரவு கீழே வந்து தூங்கினால் அதுவே குன்சுமுக்கு ஒத்திகை. சந்திரதால் ஏரிப் பக்கம் ராத்திரி தங்குவது 4,200-க்கு மேல் என்பதால் அதைக் காசாவுக்குப் பிறகுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஏரிக்கரையில் டென்ட் போட அனுமதி இல்லை, கொஞ்சம் முன்னாலேயே முகாம்கள் இருக்கின்றன. அங்கே தங்கினால் ஒரு பெரிய லாபம், மறுநாள் விடியற்காலையிலேயே பாதல் தாண்டி நாலாக்களுக்கு வந்துவிடலாம்.

கிராம்ஃபூவில் தார் ரோடு வந்ததும் எல்லோரும் முறுக்குவார்கள். முதலில் காற்றடியுங்கள், 20 பி.எஸ்.ஐ.-யில் வேகமாக வளைந்தால் வண்டி வழுக்கும். கோக்சர் வழியாக 9 கி.மீ. நீள அடல் சுரங்கத்துக்குள் நுழைந்தால் ரோத்தாங் கணவாயைத் தாண்ட வாங்க வேண்டிய பெர்மிட் பேச்சே கிடையாது, 2020 அக்டோபரில் இது திறந்த பிறகு அந்தத் தலைவலி போயிற்று. மணாலியில் ஒரு நாள் போட்டு ஏர் ஃபில்டர், பிரேக் பேட், செயின், ஸ்போக்ஸ் நான்கையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக ஸ்பானரால் தட்டினால் தளர்ந்தது மட்டும் மொட்டையாகச் சத்தம் கொடுக்கும். அங்கிருந்து டெல்லி வரை ஐந்நூறு சொச்சம் கி.மீ. வேகமான ரோடு, தளர்ந்த ஸ்போக்ஸோடு அதில் போகக் கூடாது. டெல்லியில் பார்சல் ஆபீஸுக்குப் போகும் முன் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், நிரப்பிவிட்டுப் போய் அங்கே வடித்துக் கொட்டாதீர்கள்.